கொத்சுவுக்கு இறங்கிய போர்ச்சுகல் ஒயின்

கடலூர் முதுநகரில் லோடுமேன் வேலை பார்த்த லூர்துசாமி, சிதம்பரம் கீழவீதியில் மெஸ் நடத்தும் கோவிந்தசாமிக்குத் தரவேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய். மகள் சிந்துஜாவின் நர்சிங் படிப்புக்கு வாங்கியது. ஈடாக அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் கோவிந்தசாமியின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை கொடுத்து, வியாழக்கிழமைக்குள் ஒரிஜினலோடு வரவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தது.

அந்த வருடம் ஈஸ்டருக்குத்தான் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மச்சான் ஆரோக்கியராஜ் லிஸ்பனிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். மூன்று ஜாதித் திராட்சை கலந்தது என்றான். பிராந்திக்கு வைப்பதுபோல லூர்துசாமி எலுமிச்சை ஊறுகாயும் மிக்சரும் எடுத்து வைத்துவிட்டு பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. “கார்க்கு உள்ள மாட்டிக்கிச்சா மச்சான்?” என்று சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தார்கள். கார்க்கு முழுசாகத் தட்டில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து லூர்துசாமியின் மனைவி பொன்னி மிளகு போட்டு வறுத்த ஆட்டு ஈரலைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். தட்டு தரையைத் தொட்டதும் ஒயின் கொட்டியது. ஈரல் தீர்ந்ததும் நின்றது. நாவல்பழம்போலத் துவர்த்தது. ஒரு வாரம் வைத்துப் பார்த்ததில், சுறாப்புட்டுக்கு இறங்கும், கருவாட்டுக்கு இறங்காது, மிக்சரைக் கண்டால் அறவே ஆகாது என்று தெரிந்தது. ஈரலில் கொஞ்சம் உப்பு கூடின அன்றைக்கும் அது இறங்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் பாட்டில் குறையவில்லை. தெருவில் இதை ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. தக்காளி விலையைத்தான் பேசினார்கள்.

புதன்கிழமை காலைவரை பணம் புரளவில்லை. இதையாவது ஈடாக வைத்துக்கொண்டு சர்டிபிகேட்டைத் தரச்சொல்லிக் கேட்போம் என்று லூர்துசாமியும் பொன்னியும் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார்கள்.

“நான் குடிக்கறவன் இல்லியேய்யா, இத வச்சிகினு நான் என்னா பண்றது?” என்றார் கோவிந்தசாமி. லூர்துசாமி விவரம் சொன்னதும் சிரித்துவிட்டு, “நம்ம கொத்சுவ விடவா ஒண்ணு இருக்கு? ஊத்து பாப்போம்” என்று ஒரு கிண்ணம் கத்தரிக்காய்க் கொத்சுவை முன்னால் வைத்தார். பாட்டில் கவிழ்ந்தது. ஒன்றும் வரவில்லை. “பாத்தியா, பஸ் ஏறி வந்து கத உடற” என்றார்.

பொன்னி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “அண்ணே, உப்பு ஜாஸ்தி. புளி சுத்தமா பத்தல. இதுக்கு எப்படிண்ணே எறங்கும்?”

ஆள் வரத்துக் குறைந்து மூன்று வருடமாகியும் அந்த மெஸ்ஸில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சேதி அது. கோவிந்தசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மூணு வருசம் முன்னாடி வந்த காய்ச்சல்லயே என் நாக்கு செத்துப்போச்சும்மா. நெறத்த பாத்துத்தான் எறக்கறேன். ஊட்ல கூட சொல்லல” என்றார்.

பொன்னி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நாலு கத்தரிக்காயைச் சுட்டு மசித்துக் கொத்சுச் சட்டியில் கொட்டி, புளியைக் கரைத்து விட்டு, ஒரு கொதி வரவிட்டாள். அதே கிண்ணத்தில் ஊற்றி வைத்துப் பாட்டிலைச் சாய்த்ததும், சுட்ட காயின் புகைவாசம் பட்ட மாதிரி ஒயின் தானாக இறங்கி டம்ளரை நிறைத்தது.

கோவிந்தசாமி டம்ளரைத் தொடவில்லை. “தெனமும் இப்பிடி கரெக்டா சொல்லுமா?”

“பொய் சொல்லத் தெரியாதுண்ணே. தப்பா இருந்தா வாயே தொறக்காது” என்றார் லூர்துசாமி.

இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு அந்த மெஸ்ஸில் கொத்சுவுக்குப் பக்கத்தில் பாட்டிலைச் சாய்க்கிறார்கள். இறங்கினால்தான் பந்திக்குப் போகும். இறங்கியதைப் புனல் வைத்துத் திரும்ப அதிலேயே விட்டுவிடுகிறார்கள். சாப்பிட வருகிறவர்கள், இட்லி ஆயிடுச்சா என்று கேட்கிற குரலிலேயே, பாட்டில் இறங்கிடுச்சா என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார்கள்.

அந்தப் புதன்கிழமை கோவிந்தசாமி டிரங்குப் பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டுகளைத் தூசி தட்டிப் பொன்னியிடம் கொடுத்தார். கடன் நோட்டில் லூர்துசாமியின் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, ‘அசல், வட்டிக்கு ஒரு பாட்டில் வரவு’ என்று எழுதினார். “பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்குது, கெளம்புங்க” என்றார்.