மதிப்புரை வெயில்

ஸ்வீடனின் வடகோடியில் இருந்த அந்தத் துறைமுக ஊரில் குளிர்காலம் முழுக்கச் சூரியன் உதிப்பதில்லை. பத்திரிகையில் யாருடைய புத்தகத்தைப் பாராட்டி மதிப்புரை வருகிறதோ அவர்கள் வீட்டுக்கு மட்டும் வெயில் வரும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அளவாக வரும். வேலியோடு நின்றுவிடும். ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

மதிப்புரை எழுதுபவள் வெண்டெலா. ஊருக்கு ஒரே பத்திரிகை, அதற்கு ஒரே விமர்சகி. அவள் கவிஞரும்கூட. யாப்பை உதறிவிட்டு, முற்றுப்புள்ளியே வைக்காமல் எழுதுவதை அந்த ஊரில் தொடங்கிவைத்தவள். அவளுடைய தொகுப்புகள் மூன்று வந்திருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஆள் இல்லை. எழுத வேண்டியவளே அவள்தானே. இத்தனை வருடங்களாக ஊருக்கெல்லாம் வெயில் அனுப்பியவள் வீட்டில் பகலிலும் விளக்கு எரிந்தது.

அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது, பக்கத்து வீட்டு சிக்னே புத்தகம் போடும்வரை.

சிக்னே பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வயதில் சின்னவள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்துக் கையசைப்பாள். அவளுடைய முதல் கவிதைத் தொகுப்பு வெண்டெலாவின் மேசைக்கு வந்தது. பிடிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வெண்டெலா அதைத் திறந்தாள். பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நன்றாக இருந்தது. மதிப்புரையில் பொய் எழுத அவளால் முடியாது. முயன்றால் பேனாவில் மை வராது. "புதிய குரல்" என்று எழுதினாள். மை தாராளமாக வந்தது. வயிறு எரிந்தது.

மறுநாள் காலை சிக்னே வீட்டுக்கு வெயில் வந்தது. பனி உருகிக் கூரை சொட்டியது. தோட்டத்து ஆப்பிள் மரம் சற்று யோசித்துவிட்டுப் பூத்தது.

வெண்டெலாவின் கணவன் ஹில்டிங், பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். அதிகம் பேசமாட்டான். ஈரக் காலுறைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"இங்க காய மாட்டேங்குது. அங்க போட்டுட்டு வர்றேன்."

அடுத்த நாள் போர்வைகளைக் கொண்டுபோனான். அதற்கடுத்த நாள் நாற்காலியை. சில நாட்களில் காலுறைகள் மட்டும் தாமாக வீட்டுக்குத் திரும்பி வந்தன. ஹில்டிங் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தான். முகம் சிவந்திருந்தது. அவன்மேல் ஆப்பிள் பூ மணத்தது.

"ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று வெண்டெலா கேட்டாள்.

"ஒண்ணும் பேசல. உட்கார்ந்திருந்தோம்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

ஹில்டிங் யோசித்தான். "கேட்டா. நீயும் கவிதை எழுதுவியான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அப்பப்போ எழுதுவான்னு சொன்னேன்."

வெண்டெலா சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் சிக்னேயின் புத்தகத்தைப் பற்றி இரண்டாவது முறை எழுதினாள். குறைகளாகத் தேடி எடுத்தாள். தேடினால் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஒவ்வொரு குறையும் உண்மை என்பதால் பேனா மறுக்கவில்லை.

பத்திரிகை வெளிவந்த பிறகும் வெயில் போகவில்லை. சாயங்காலம் சிக்னே வீட்டுக் கூரைக்கு மேல் ஒரு நிலவும் வந்து நின்றது.

வெண்டெலா பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியரின் அறை வழக்கத்தைவிடத் தூரத்தில் இருந்தது. நடைவழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. ஆசிரியர் விடுப்பில் இருந்தார். அவருடைய மேல்கோட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தது.

"நான் திட்டித்தானே எழுதினேன்?"

"படிச்சேன்," என்றது கோட்டு. "பாராட்டினா வெயில். திட்டினா நிலா. நீங்க அந்தப் பொண்ணைச் சும்மா விட்டிருக்கணும்."

"என் புத்தகத்தைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்களா?"

"எழுத யாரு இருக்கா?" கோட்டு குரலைத் தாழ்த்தியது. "வேற பேர்ல ஏதாவது வந்தா, யாருன்னு நான் கேக்க மாட்டேன்."

பிறகு அது தன் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெண்டெலா வீட்டுக்கு வந்து தன் மூன்று தொகுப்புகளையும் வேறு யாரோ எழுதியவைபோல் எடுத்துப் படித்தாள். "அற்புதம்" என்று எழுதப் பார்த்தாள். மை வரவில்லை. "ஆழம்" என்று எழுதப் பார்த்தாள். பேனா தாளைக் கீறியது. கடைசியில் அவளால் எழுத முடிந்தது இதுதான்: "சுத்தமான கவிதைகள். குளிர்ந்தவை. எழுதியவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். முதல் தொகுப்பில் கணவனின் காதுகளைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அது மட்டும் உயிரோடு இருக்கிறது."

எழுதிவிட்டு, கையெழுத்தாக ஒரு ஆண் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

அது அச்சாகி வந்த மறுநாள் அவள் வீடு இருட்டாகத்தான் இருந்தது. மாடியில் பார்த்தாள். நிலவறையில் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எங்கும் வெயில் இல்லை. நிமிர்ந்தபோதுதான் விளங்கியது. அந்தக் கவிதை வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வேலியைத் தாண்டிக் குதித்துப் போனாள். ஆப்பிள் மரத்தடியில் ஹில்டிங் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். சிக்னே ஏதோ ஒரு மெட்டை முனகியபடி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வர வேண்டிய வெயில் இங்க வந்திருக்கு," என்றாள் வெண்டெலா. "சின்னதுதான். உங்க வெயில்ல தெரியல. உங்களதைக் கொஞ்சம் அணைச்சாத்தான் பாக்க முடியும்."

சிக்னே ஏன் என்று கேட்கவில்லை. "உள்ள போய்த் திரையை இழுத்துவிட்டா போதும் மேடம். நான் தூங்கறப்ப அப்படித்தான் செய்வேன்," என்று சொல்லிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரை விழுந்தது. தோட்டம் இருண்டது. ஹில்டிங்கின் இரண்டு காதுகளும் ஒளிர்ந்தன. விளிம்பு சிவப்பாகவும் மடல் பொன்னிறமாகவும் இருந்தன. நரம்புகள் இளம் இலையில் தெரிவதுபோல் தெரிந்தன. பக்கத்துக் கிளையில் இருந்த பூக்கள் அந்த வெளிச்சத்தில் ரோஜா நிறமாகின.

சிக்னே ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு! யாரு எழுதினது?"

வெண்டெலா வாயெடுத்தாள். நான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதை எழுதியவள் அந்த நாளைய வெண்டெலா, இளம்பெண். ஒரு சின்ன அறையில் இருந்தாள். கீழ்வீட்டில் யாரோ வாசித்த பியானோவை ஹில்டிங் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து வெளிச்சம் வந்தது. கவிதை எழுதுகிறோம் என்றுகூட அவள் நினைக்கவில்லை. மறந்துவிடக்கூடாதே என்று எழுதிவைத்தாள். அவ்வளவுதான். அந்தப் பெண்மேல் வெண்டெலாவுக்குப் பொறாமை பொங்கியது. சிக்னேமேல் இருந்ததெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. எதிரே இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பாள்.

"ஒருத்தி," என்றாள். "இப்ப எழுதுறதில்ல."

ஹில்டிங் கண்ணைத் திறக்காமல், "யாரு வெயிலை அணைச்சது?" என்றான்.

"நான்தான்."

"குளிருது."

வெண்டெலா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று அவன் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினாள். சூடாக இருந்தன. வெளிச்சம் அவள் விரல்களுக்குள் ஏறி எலும்புகளைக் காட்டியது.

"திரையை எடுக்கட்டுமா மேடம்?" என்று சிக்னே உள்ளேயிருந்து கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் வெண்டெலா. "இன்னும் கொஞ்ச நேரம்."