ஆற்றுக்குள் ஒரு லாரித் தண்ணீர்

அவளுக்கு விளம்பரப் படம் எடுப்பது தொழில். பெரும்பாலும் சொந்த அண்ணன் நடத்தும் விளம்பரக் கம்பெனிக்குத்தான் எடுப்பாள். சோப்புக்கு நுரை, பிஸ்கட்டுக்கு மொறுமொறுப்பு என்று எதையும் படத்தில் கொண்டுவந்துவிடுவாள். இந்த முறை அண்ணன் சொன்னது ஒரு பருத்தி ஆலையின் காலண்டர். முன்னால் வெடித்த பஞ்சு, பின்னால் ஓடுகிற ஆறு. அவ்வளவுதான்.

ஆலை மேனேஜர் வாசலுக்கே வந்து வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். உள்ளே சுற்றிக் காட்டியபோது பஞ்சுத் தூசி உதட்டில் அப்பி, பேச வாய் திறந்தால் நாக்கிலும் ஒட்டியது. பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணுக்கு எட்டிய வரை பருத்தி. வாய்க்கால்களில் தண்ணீர் கரை தளும்ப ஓடியது. சில வயல்களில் செடிகள் முழங்கால் தண்ணீரில் அழுகி நின்றன. மடையை அடைக்க ஒருவருமில்லை.

"ஆறு எங்க சார்?"

"இதோ வந்துட்டோம்ல மேடம்."

இறங்கிப் பார்த்தாள். பாலம் இருந்தது, ஆற்றைக் காணோம். மணல் முழுக்கப் பூச்சிமருந்து டப்பாக்கள். ஒரு தூணடியில் வயிறு ஊதிய நாய். நடுவில் குட்டையாகத் தேங்கிய கொஞ்சத் தண்ணீரின் மேல் பச்சையாக ஏடு படர்ந்திருந்தது. அடித்த நாற்றத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணிய மேலயே வாய்க்காலுக்குத் திருப்பிட்டோம். பருத்தி குடிக்கிற குடி அப்படி!" தன் பிள்ளையின் பசியைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் போல மேனேஜர் சிரித்தார்.

"அப்ப படத்துக்கு?"

"எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

மணலில் நீளமாகப் பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் கூழாங்கல் அடுக்கியிருந்தார்கள். சற்று நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு மணலில் இறங்கியது. அதன் பின்னாலேயே குடங்களோடு பெண்கள் ஓடிவந்தார்கள்.

"இது எங்க தெருவுக்கு வர்ற லாரிங்க! போன வாரமும் வரல," என்றாள் முன்னால் வந்தவள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பொறும்மா. படம் எடுத்ததும் அள்ளிக்கோ," என்றார் மேனேஜர்.

"தார்ப்பாயிலருந்தா?"

"தண்ணி தண்ணிதானே?"

டிரைவர் குழாயைத் திறந்தார். மேனேஜர் தன் பாட்டிலை எடுத்து, தொண்டைத் தூசி போக நன்றாகக் கொப்பளித்து, அந்தப் பள்ளத்திலேயே துப்பினார். எச்சில் நுரையாக மிதந்து கூழாங்கல்லில் ஒட்டியது.

அவள் பாலத்து நிழலுக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, இங்க ஆறே இல்லண்ணா. ஊராளுங்க குடிக்கிற தண்ணிய மணல்ல கொட்டுறாங்க. என்னால முடியாது."

"நீ என்ன நீதிபதியா? எடுத்துட்டு வந்து சேரு. ஏதாவது சொல்லி என் பொழப்புல மண்ணப் போட்டுடாத."

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் லாரி கொட்டிக்கொண்டுதான் இருக்கும். கேமராவிலிருந்து கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், மொதல்ல குழாய மூடச் சொல்லுங்க. பள்ளம் கேமராவுல பள்ளமாத்தான் தெரியும். அவங்க குடம் புடிக்கட்டும். கம்பெனி ஊருக்கே தண்ணி குடுக்குற மாதிரி எடுக்கலாம்."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அடடா! முதலாளி குஷியாயிடுவாரு மேடம்!"

லாரி கரையேறியது. பெண்கள் வரிசை கட்டினார்கள். அவள் மண்டியிட்டு, வெறும் கேமராவைக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு நொட்டை சொன்னாள். நிழல் விழுகிறது, அடுத்த குடம். விளிம்பில் வழியவில்லை, அடுத்தது. முன்னால் நின்றவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, எங்க நாத்தனாருக்கு ஆள் விட்டிருக்கேன். அவ வர்ற வரைக்கும் ஏதாவது கொறை சொல்லிட்டே இருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் அண்டா, வாளி, குழந்தை குளிக்கும் தொட்டி எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தாள். லாரி காலியாகும் வரை படம் எடுக்க வந்தவள் நொட்டை சொல்வதை விடவில்லை. அப்புறம்தான் கார்டு கெட்டுப்போய் ஒரு படமும் பதியவில்லை என்று மேனேஜரிடம் கையை விரித்தாள்.

"கவலப்படாதீங்க மேடம்," என்றார் அவர். "நான் போன்ல எடுத்துட்டேன்."

காலண்டர் வந்தபோது அண்ணனே கொண்டுவந்து கொடுத்தான். மேனேஜர் போனில் எடுத்த படம்தான். லாரியில் ஆலையின் பெயரை ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். காய்ந்த ஆறு இருந்த இடத்தில் பச்சை வயல். குடங்களோடு பெண்கள். அவர்களுக்கு முன்னால் கேமராவும் கையுமாக, வாய்விட்டுச் சிரிக்கிற அவள். 'எங்கள் பருத்தி, எல்லோருக்கும் தண்ணீர்' என்று கீழே கொட்டை எழுத்து.

பளபளத்த தாளில் தன் பல்வரிசையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"அந்தத் தெருவுக்கு லாரி வருதான்னு கேட்டுச் சொல்லுண்ணா."

"அத நான் எப்படிக் கேக்க முடியும்? ஆலைக்காரங்க ரொம்பத் திருப்தின்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷமும் நீதான் வரணுமாம்."

"வரமாட்டேன்னு சொல்லிடு. அந்த மூஞ்சிய இன்னொரு தடவ பாத்தா வாந்திதான் வரும்."

"யாரு மூஞ்சிய?"

அவள் காலண்டரைக் கவிழ்த்து வைத்தாள். அண்ணன் அந்தக் காலண்டரைத் தன் ஆபீஸில், நாற்காலிக்கு நேர் மேலே மாட்டிக்கொண்டான். அந்த வருஷம் முழுக்க, வேலை இருந்தால் அவள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பினாள்.