ஒரு கை காயமுற்றது

பாக்கியநாதன் தன் மகள் பிரின்சியை ஏழாம் வகுப்பின் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி மேனேஜர். எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் அவர் கண்ணில் படும். பள்ளியையும் ஒரு மாதம் அப்படிப் பார்த்தார். நாற்பத்தோரு குறை சேர்ந்தது. தலைமையாசிரியை அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு, அதே தாளின் பின்பக்கத்தில் டி.சி.க்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்.

இனி வீட்டிலேயே படிப்பு என்று முடிவானது. அதே குடியிருப்பு நகரில் இன்னும் மூன்று குடும்பங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. கணக்கு பாக்கியநாதனுக்கு, அறிவியல் அவர் மனைவி மோனிகாவுக்கு, ஆங்கிலம் கம்ப்யூட்டருக்கு. பழைய இலக்கியம் நடத்தத்தான் ஆள் இல்லை. யாரோ சொல்லி மீஞ்சூரிலிருந்து தமிழ்செல்வி வந்தார். எம்.ஏ., பி.எட்., தனியார் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். இன்டர்வியூவில் பாக்கியநாதன் ஒரே கேள்விதான் கேட்டார்: அது அவருடைய சொந்தப் பெயரா, சப்ஜெக்டுக்காக வைத்துக்கொண்டதா? சொந்தப் பெயர் என்றதும் வேலை கொடுத்துவிட்டார்.

ஆறு வருடமாக நாற்பத்தாறு குனிந்த தலைகளுக்கு நோட்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்திருந்த தமிழ்செல்விக்கு, நான்கே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷம் பத்து நிமிடம் நீடித்தது. பாக்கியநாதன் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பிள்ளைகள் அதை நிரப்பித் தர வேண்டும். உவமை எத்தனை, நீதி என்ன, எத்தனை நிமிடம் ஆனது, மேம்படுத்த வேண்டியவை என்னென்ன. பாட்டு எழுதி ரெண்டாயிரம் வருஷம் ஆகிறதே என்று தமிழ்செல்வி தயங்கினார். அப்படியானால் இவ்வளவு நாள் யாரும் பார்க்காமல் விட்டதே பெரிய குறை என்றார் பாக்கியநாதன்.

வேறு வழியில்லாமல் பிள்ளைகள் நிரப்பினார்கள். பொருள் தேடப் போனவன் திரும்பவில்லை என்று தலைவி அழும் பாட்டுக்குக் கீழே பூமிகா என்ற பெண், 'கிளம்பும்போதே அட்ரஸ் வாங்கி வைத்திருக்கலாம்' என்று எழுதினாள். பாக்கியநாதன் அதற்கு டிக் போட்டார்.

ஒரு நாள் அவரே வகுப்பில் வந்து உட்கார்ந்தார். கம்பெனியில் ஒரு தவறு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு அடிக் காரணத்தைப் பிடிப்பார்கள். அதைத் தலைவியிடம் கேட்டுப் பார்த்தார். ஏன் அழுகிறாள்? அவன் வரவில்லை. ஏன் வரவில்லை? பொருள் தேடப் போயிருக்கிறான். ஏன் போனான்? ஊரில் பிழைப்பில்லை. ஏன் இல்லை? விளைச்சல் இல்லை. ஏன் இல்லை? மழை இல்லை. பாக்கியநாதன் 'நம் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்' என்று போர்டில் எழுதி, பேனாவை மூடி, அந்தப் பாட்டை முடித்து வைத்தார்.

அவர் இல்லாத நாட்களில் தமிழ்செல்வி தன் போக்கில் நடத்தினார். எந்த எழுத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்றார். யார் பேசறாங்க? யார்கிட்ட? எதைச் சொல்லாம விடறாங்க? பக்கத்து வீட்டு எருமையைப் பற்றியே தலைவி பேசிக்கொண்டிருக்கும் பாட்டு ஒன்று வந்தது. போனவனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இது எருமைப் பாட்டுதானே என்றாள் பூமிகா. பிரின்சி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மிஸ். அவனப் பத்திப் பேசனா அழுதுருவா. அதான் எருமையப் பத்திப் பேசிக்கினு இருக்கா."

அன்று ரயிலில் மீஞ்சூர் ஸ்டேஷன் தாண்டியதுகூடத் தெரியாமல் தமிழ்செல்வி அத்திப்பட்டு வரை போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்வியும் பிடித்துப்போயிற்று. நகர் சங்கம் 'இரண்டு நாட்களுக்குத் தண்ணீர் வராது, ஒத்துழைப்புக்கு நன்றி' என்று ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, பேசுகிறவர் யாரென்றே இல்லை, கேட்கிறவர் இன்னும் ஒத்துழைக்கவே இல்லை, அதற்குள் நன்றி வந்துவிட்டது என்று ஆராய்ந்தார்கள். மோனிகா அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். பெற்றோர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் பாக்கியநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு ஹாலில் பிள்ளைகளுக்கு ஆடிட் வைத்தார். பெற்றோர்கள் வந்தார்கள். கம்பெனியின் பிளான்ட் ஹெட் ஜெரால்டும் வந்தார். நடத்தின பாட்டைச் சொன்னால் மனப்பாடம் என்பார்கள், நீங்களே ஏதாவது கொடுங்கள் சார் என்று பாக்கியநாதன் கேட்டுக்கொண்டார். ஜெரால்ட் கையில் ஒரு ஃபைல் இருந்தது. அதிலிருந்து, மறுநாள் கம்பெனி போர்டில் ஒட்ட வேண்டிய அறிவிப்பை எடுத்துக் கொடுத்தார். பாக்கியநாதன் எழுதியதுதான். நல்ல தமிழ் என்று முந்தின நாள் ஜெரால்டே பாராட்டியிருந்தார்.

பிரின்சி உரக்கப் படித்தாள்.

'கடந்த புதனன்று இரண்டாம் ஷிப்டில் கவனக்குறைவின் காரணமாக ஒரு கை காயமுற்றது. உற்பத்தி பாதிக்கப்படவில்லை. அனைவரும் பாதுகாப்புடன் பணியாற்றுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். முதலில் பூமிகா எழுந்தாள். 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்றால் கேட்கிறவர் யாரென்று தெரியவில்லை என்றாள். 'அன்புடன்' என்று இருக்கிறது, அந்த அன்பு யாருடையது என்றும் தெரியவில்லை. பெற்றோர்கள் கை தட்டினார்கள். ஜெரால்டும் தட்டினார்.

அடுத்து பிரின்சி. கவனக்குறைவு யாருடையது என்று எழுதவில்லை. கை மட்டும் தனியாக ஷிப்டுக்கு வந்து அடிபட்ட மாதிரி இருக்கிறது. கைக்கு அடுத்த வரியிலேயே உற்பத்தி வருவதால், பேசுகிறவரின் மனசு கையிடம் இல்லை, உற்பத்தியிடம்தான் இருக்கிறது. இவ்வளவையும் அவள் எருமைப் பாட்டைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"யார் கைப்பா அது?"

பாக்கியநாதன் அந்த அறிவிப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கலியன்னு ஒருத்தரு. கான்ட்ராக்ட் ஆளு."

"இப்ப எப்டிக்கிறாரு?"

அது அவருக்குத் தெரியவில்லை. கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒரு மாதமாக வேலை செய்யாததும், சென்சார் சரியாக இருக்கிறது என்று தினமும் தாளில் டிக் விழுந்ததும், அந்தத் தாளின் அடியில் இருப்பது தன் கையெழுத்து என்பதும்தான் தெரியும். மோனிகா கேசரி கொண்டுவந்தாள். பிள்ளைகளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜெரால்ட் கேசரியைத் தொடாமல் கிளம்பினார்.

திங்கள்கிழமை காலை போர்டில் வேறு அறிவிப்பு இருந்தது. 'கலியன் என்பவரின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மெஷினின் சென்சார் ஒரு மாதமாகப் பழுது. அது எனக்குத் தெரியும். பாக்கியநாதன், குவாலிட்டி மேனேஜர்.' நாற்பது நிமிடத்தில் அதைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் நாற்பது நிமிடத்தில் முதல் ஷிப்டு முழுவதும் அதைப் போனில் படம் பிடித்திருந்தது.

பாக்கியநாதனிடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மற்ற மூன்று பெற்றோர்களும் ஒரே வாரத்தில் பிள்ளைகளை கோடிங் வகுப்பில் சேர்த்தார்கள். இலக்கியத்தால் இப்படி ஒரு சைடு எஃபெக்ட் இருப்பதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று பூமிகாவின் அப்பா தமிழ்செல்விக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை தமிழ்செல்வி, சம்பளக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பில்தான் வந்தார். பாக்கியநாதன் ஸ்டோர்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்களை இனி நிரப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிரின்சி ஒருத்திக்கு வகுப்பு தொடர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து திருவள்ளூரில், தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. கலியனின் மனைவி மணியம்மாள் அந்தப் போன் படத்தை பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். இதை எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, அது போர்டில் ஒட்டப்பட்டதாகத் தெரியவருகிறது என்று ஆரம்பித்தார்.

"நான்தான் எழுதுனேன்" என்றார் பாக்கியநாதன். "டெய்லி ஷீட்ல சைன் போட்டதும் நான்தான்."

சாயங்காலம் வெளியே வந்ததும் மணியம்மாள் முன்னால் நடந்து போய்விட்டாள். கலியன் மட்டும் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். கொஞ்ச தூரம் போனதும், இப்போது எந்த செக்‌ஷன் என்று கேட்டார்.

"ஸ்டோர்ஸ்."

"அங்க ஃபேனு கீதா சார்?"

"ஒண்ணு இருக்கு" என்றார் பாக்கியநாதன்.