காலியாகக் கிடந்த கட்டம்

மருந்துக் கிடங்கின் மென்பொருள் சனிக்கிழமை புதிய பதிப்புக்கு மாறியது. திங்கள் காலை, குளிர் அறையில் இருக்க வேண்டிய நாற்பது தடுப்பூசிப் பெட்டிகள் சாதா அலமாரியில் வெந்துகொண்டிருந்தன. திரை காட்டிய இடத்தில்தான் வைத்தோம் என்று கிடங்குக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு மேலாளர் அறையில் மூன்று பேர். மேலாளர் அம்மாள், பதிப்பை மாற்றிய இளைஞன், அவனுடைய அக்கா கணவர். அலுவலகம் அவரை அகராதி என்றுதான் அழைக்கும். மென்பொருளின் எந்தக் கட்டத்தில் எந்த எண் வந்தால் என்ன பொருள் என்று நிறுவனம் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டவற்றுக்கெல்லாம் பொறுப்பு அவர். குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. மச்சானை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதை வாரம் ஒருமுறை சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாக்காம பொத்தானை அமுக்கிட்டான், மேடம்," என்றார். "வீட்லயும் இவன் இப்படித்தான். அவசரக்குடுக்கை."

"வீட்டை இங்க இழுக்காதீங்க, அத்தான்."

அவன் ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் போட்டான். "நாம சேத்ததா பதிவாகியிருக்கிற கட்டம் முந்நூத்திப் பன்னெண்டு. ஒவ்வொண்ணையும் ஒப்பிட்டு டிக் அடிச்சிருக்கேன். எது விட்டுப்போச்சு? காட்டுங்க."

அவர் புரட்டினார். மூன்றாம் பக்கத்திலேயே விரல் மெதுவாகியது. விட்டுப்போன கட்டம் இதில் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன், புதிய கட்டம் சேர்க்க விண்ணப்பம் போட்டால் மூன்று வாரம் ஆகும். மென்பொருள்காரர்கள் தங்களுக்கென்று ஒதுக்கி, காலியாக விட்டிருந்த கட்டம் ஒன்று இருந்தது. யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டார். ஒன்று என்றால் குளிர், இரண்டு என்றால் சாதா. பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் ஏன் கேட்கவில்லை என்பார்கள். புதிய பதிப்பில் மென்பொருள்காரர்கள் தங்கள் கட்டத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்று என்றால் சாதா.

விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது. அவர் பத்தாம் பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார். அதே கட்டத்தில் ஒன்று என்ற எண் போட்ட சரக்குகளில் இன்றைக்கே கிளம்புவதும் ஒன்று இருந்தது, கண் சொட்டுமருந்து. பதினோரு மணிச் சாதா லாரியில் அது ஏறியிருக்கும். வெயிலில் இரண்டு நாள் பயணம். பிறகு யாரோ ஒருவர் அறுவை முடிந்த கண்ணில் விடுவார்கள். அது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திறக்காவிட்டால் பழி மச்சான் தலையில் விடிந்துவிடும். தம் வேலை தப்பும்.

மணி பத்து ஐம்பது.

"என்னத்தான், இருபது வருஷ அனுபவம் பேச்சு மூச்சைக் காணோம்?"

அவர் மேலாளரின் தொலைபேசியைத் தம் பக்கம் இழுத்தார். வாயிற்காவலரிடம், "பதினோரு மணி லாரியை விடாதே. சொட்டுமருந்தை இறக்கச் சொல்லு," என்றார். வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

மேலாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கடவுச்சொல்லை இப்பவே நிறுத்தச் சொல்றேன். மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

"ஏழு வருஷமா எங்க எல்லார் தலையிலயும் மொளகா அரைச்சிருக்கீங்க," என்றான் மச்சான். "கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் என்னைப் பலி குடுக்கத்தான் பாத்தீங்க."

"ஆமா."

இந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. கோபம் குறையவும் இல்லை.

"அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. நல்லா வாங்கிக் கட்டிக்குங்க."

பிறகு இருவரும் அவன் மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கட்டத்தைப் பயன்படுத்திய சரக்குகளை அவர் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அறுபத்தேழு. அவன் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் கிடங்குக்குப் போன் போட்டு அவர் எதிரிலேயே சரிபார்த்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்கும் அவன் முகம் இளகவில்லை.

நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் திறந்து, பொருளையும் எண்களையும் பதிவேட்டில் ஏற்றினான். கடைசி வரியில் பொறுப்பாளர் யார் என்று திரை கேட்டது.

அவர் பழக்கத்தில் தம் பெயரைச் சொன்னார்.

மச்சான் திரும்பிப் பார்க்காமல் தன் பெயரை அடித்தான்.