நண்டு குடியிருந்த ஜாடி

பழவேற்காட்டில் என் பெயர் அமீர் ஜான் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஓட்டாஞ்சில்லு பாய் என்றால்தான் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏரிக்கரையில் பொறுக்கிய சில்லை நாக்கில் வைத்தே அது என்ன சரக்கு என்று சொல்ல என்னை விட்டால் இங்கே யார் இருக்கிறார்கள்? சாதாரண மண்பாண்டமென்றால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஜாடியோ கல்லாக வெந்தது, ஒட்டவே ஒட்டாது.

"கண்டதையெல்லாம் நக்கிட்டு வந்து என் கொழம்புல கைய வெக்காதீங்க" என்பாள் என் மனைவி சுராயா. அவளுக்கு என்ன தெரியும்!

அலமாரி நிறையச் சில்லுகள் சேர்த்துவிட்டேன். ஆனால் முழு ஜாடி ஒன்று, சாவதற்குள் ஒன்றே ஒன்று வேண்டுமென்று தவித்துக்கொண்டிருந்தேன். மாரி என்பவள் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பவள். எங்கள் வாசலில் நண்டு விற்க வந்தவள், சேற்றில் புதைந்த ஒரு ஜாடிக்குள்தான் தனக்கு நல்ல நண்டாகக் கிடைக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைக்கே அவளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். துழாவினால் ஜாடியின் தோளில் கயிறு கட்ட நான்கு காது, விளிம்பில் ஒரு பொக்கை இல்லை. தூக்கி நக்கினேன். ஒட்டவில்லை. யா அல்லா, அழுதேவிட்டேன். உள்ளேயிருந்த நண்டு என் கட்டைவிரலைக் கவ்வியதற்காக அழுகிறேன் என்று மாரி நினைத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். புது ஊறுகாய் ஜாடி ஒன்றை வாங்கிப் புதைத்தேன். என் ஜாடியை அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, பெயர்ச் சீட்டும் ஒட்டினேன். உள்ளே படிந்திருந்த சிப்பி ஓடுகளைச் சுரண்ட வேண்டியதுதான் பாக்கி.

சில நாள் கழித்து மாரி வெறுங்கூடையோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். கூப்பிட்டுக் கேட்டேன். புது ஜாடி உள்ளே வழவழவென்று இருக்கிறது, நண்டுக்குக் கால் பிடிக்கவில்லை, ஒன்றுகூடத் தங்கவில்லை என்றாள். குறைப்பட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. போகப்போகச் சரியாகும், பொறு என்று எரிந்து விழுந்தேன்.

"இன்னாத்துக்கு பாய் கோவம்? ஜாடி உங்களாண்டயே இருக்கட்டும்" என்றாள். அப்புறம் அலமாரியை எட்டிப் பார்த்து, "அங்க குந்திக்கினு அது இன்னா வேல பாக்குது?" என்று கேட்டாள்.

அவள் போனதும் ஜாடிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். சிப்பி ஓடு சொரசொரவென்று உள்ளங்கையில் உரசியது. சுரண்டுவதற்கு எடுத்து வைத்திருந்த கத்தியைச் சுராயாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

விடிந்ததும் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு படகில் போய், ஊறுகாய் ஜாடியைப் பிடுங்கிவிட்டுப் பழைய குழியிலேயே இதைப் புதைத்தேன். மனசு கனத்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அந்த வாரமே மாரி கூடை நிறைய நண்டோடு வந்து, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துச் சுராயாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் குழம்பைப் போல நான் சாப்பிட்டதில்லை.

நடுத்தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சீட்டை மட்டும் எடுக்கவில்லை. அலமாரியைப் பார்க்க வருகிறவர்கள், இந்த ஜாடி எங்கே பாய் என்று கேட்காமல் போவதில்லை.

"வேலைக்குப் போயிருக்குது" என்பேன்.