ஆறாம் நம்பர் பூட்ஸ்

ராஜசேகர் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிற செய்தி, அவருக்கு விசா கிடைப்பதற்கு முன்பே ஓசூரில் ஃபிளெக்ஸாக வந்துவிட்டது. வைத்தது சிறுதொழில் சங்கம். அதில் அவர் கோட்டு போட்டு நிற்க, பக்கத்தில் ஒரு சிங்கம் அவரைவிடத் தெளிவான முகத்தோடு உட்கார்ந்திருந்தது. 'கானகம் நடுங்க நடந்தே செல்லும் எங்கள் வேங்கையே' என்று கீழே எழுதியிருந்தது. வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ராஜசேகரேதான் என்பது அச்சடித்தவருக்கு மட்டும் தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். ராஜசேகரின் பட்டறையில் கல் உடைக்கும் இயந்திரங்களுக்கான பல்சக்கரங்கள் தயாராகின்றன. அவற்றை வாங்குகிற நமீபியாக்காரர் வில்லெம், தன் பண்ணைக்கு வந்துபோகும்படி அழைத்திருந்தார். அங்கே குடு என்கிற முறுக்குக் கொம்பு மானை அனுமதி வாங்கி வேட்டையாடலாம். சுடப்போவது வில்லெம். ராஜசேகர் பின்னால் நடந்து வரலாம். விருப்பப்பட்டால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விவரத்துக்கு மட்டும் ஃபிளெக்ஸில் இடம் போதவில்லை.

ஆனால் வில்லெமிடம் ஒரு கறார் உண்டு. முள்காட்டில் நாள் முழுக்க நடைதான். விருந்தாளியின் காலடிச் சத்தம் அவர் காதில் விழுந்தால், விருந்தாளி திரும்பிப் போய் ஜீப்பில் உட்கார வேண்டும். நொண்டினாலும் ஜீப்தான். அப்படி உட்கார்ந்தவர்களைப் போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. இதைச் சொன்னது, பட்டறையில் மார்க்கெட்டிங் பார்க்கிற, பயணத்திலும் கூட வரப்போகிற அஸ்வின். 'நடந்தே செல்லும்' என்று ஊர் பார்க்க எழுதி வைத்தாகிவிட்டது. வேங்கை ஜீப்பில் குந்தியிருக்கிற போட்டோ சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், பிறகு மத்திகிரியில் வீட்டை விற்றுவிட்டுக் எங்கோ ஒரு மூலையில் இருக்கிற கல்லாவிப் பக்கம் போய்த்தான் குடியிருக்க வேண்டும்.

ஆகவே பூட்ஸ். ஜமீர் அகமது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சேஃப்டி ஷூ கடை வைத்திருப்பவர். ராஜசேகரின் பட்டறைக்கு வருஷக்கணக்காகச் சப்ளை. கல்லாவில் அவர் மனைவி ஃபரீதா. காய்கறி வாங்க வந்த தன் மனைவி மாதேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு ராஜசேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழைந்தார். புருஷன் பூட்ஸ் தேர்ந்தெடுக்கிற அழகை மனைவி பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ராஜசேகர் நேராக இரும்பு முனை வைத்த பூட்ஸிடம் போனார். பட்டறைக்காரருக்குக் காலில் இரும்பு இல்லாவிட்டால் அம்மணமாக நிற்கிற மாதிரி. கால்மேல் ஏதாவது விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"ஆப்பிரிக்காவுல மரத்துலருந்து கியரு விழாதுங்க சார்," என்றார் ஜமீர்.

எது சத்தம் போடும், எது போடாது என்று கண்டுபிடிக்க ஃபரீதாதான் வழி சொன்னாள். கொறித்துக்கொண்டிருந்த கடலையின் தோலையெல்லாம் தரையில் பரப்பச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "நான்தான் மானு. கேட்டுச்சுன்னா கைய தூக்கறேன். வாங்க சார்."

ராஜசேகர் இரும்பு பூட்ஸை மாட்டிக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, முதல் அடிக்குக் காலைத் தூக்கினார். ஃபரீதாவின் கை எழுந்தது. பார்த்தால், இடுப்பில் சாவிக்கொத்து. கழற்றி வைத்தார். மறுபடி கை எழுந்தது. கைக்காப்பும் வாட்சும் ஒன்றோடொன்று உரசுகின்றன. கழற்றினார். மூன்றாம் முறையும் கை எழுந்தது.

"இப்ப என்னம்மா? இன்னும் காலே வைக்கலியே."

"பேசறீங்களே சார்."

மாதேஸ்வரி காய்கறிப் பைக்குள் எதையோ தேடுகிறவள்போல முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பேசாமல் நடந்தார். இரும்பு முனை கடலைத் தோலை நொறுக்கியது. அடுத்த ஜோடியின் தோல் கிரீச்சிட்டது. அதற்கடுத்தது நடக்கும்போது பேசாமல் இருந்தது, நிற்கும்போது முனகியது. கடைசியில் ஜமீர் பரணிலிருந்து ஒரு பழுப்பு ஜோடியை இறக்கினார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற மச்சான் அனுப்பியது; ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியது. கணுக்கால் உயரம். கையால் வளைத்தால் வளைந்தது. முள்ளும் புல்விதையும் உள்ளே போகாதபடி கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அடியில் ரப்பர், முள்ளைத் தாங்கும் அளவுக்குக் கெட்டி, ஆனால் மெத்தென்று இருந்தது. கீழே சுள்ளி இருக்கிறதென்று பாதத்துக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் பாதம் அதை மிதிக்காமல் விலகும் என்று ஜமீர் ஒரு பிரசங்கமே செய்தார். எந்தக் காட்டில் கற்றார் என்று கேட்டதற்கு, மச்சான் சொன்னார் என்றார். மச்சானுக்கு யார் சொன்னதென்று கேட்டதற்கு, வாங்க வந்த வெள்ளைக்காரன் என்றார்.

ராஜசேகர் அதில் நடந்தார். ஃபரீதாவின் கை மடியிலேயே கிடந்தது. கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். "இன்னும் ஆரம்பிக்கலீங்களா சார்?" என்றாள்.

சைஸ் ஆறு. இது ராஜசேகரின் வாழ்நாள் ரகசியம். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கால். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாதேஸ்வரி பால் வாங்கப் போய்விட்டால், அவருக்கு அது மனைவியின் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். அளவு சரியாக இருப்பதை யோசிக்கவே மாட்டார். ஜமீரின் காதோடு, "பெட்டியில எட்டுன்னு எழுதிரு" என்றார். ஜமீர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் மார்க்கரை எடுத்து ஆறை எட்டாக்கினார். பிறகு, புதுத் தோல், தினமும் போட்டு நடந்து பழக்காவிட்டால் குதிகாலை உரித்துவிடும் என்று எச்சரித்தார்.

அங்கேதான் ராஜசேகர் கோட்டை விட்டார். அவர் பட்டறையில் புது லேத் மெஷின் வந்தால்கூட, பூஜை போடாமல் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. பூட்ஸ் மட்டும் எந்த விதத்தில் மட்டம்? ஆயுத பூஜை வரட்டும். பூஜை முடிந்ததும் பயணத்தன்றைக்கு நல்ல நேரத்தில் கால் வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியை பீரோவின் மேல் ஏற்றிவிட்டார். கடைக்காரர் சொன்னாரே என்று மாதேஸ்வரி ஒரு தரம் நினைவுபடுத்தினாள். புதுசைப் புதுசாகக் கொண்டுபோவதுதான் மரியாதை என்று அவர் விளக்கினார். அவள் மறுபேச்சு பேசவில்லை. பேசாவிட்டால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம் செய்துகொள்வது ராஜசேகரின் பழக்கம்.

அந்த வாரங்களில் மாதேஸ்வரி கொஞ்சம் நொண்டினாள். கால்நடைப் பண்ணைச் சாலையில் அவள் தினம் விடிகாலையில் நடப்பது வழக்கம். அந்த நேரத்தில் ராஜசேகர் குறட்டையில் இருப்பார். குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அவள் தோசை சுடுவதைப் பார்த்து, காலணியை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு முழுத் தோசை வேகும் நேரத்துக்கு உபதேசம் செய்தார். "சரிங்க" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் லேத்துக்கும் டிரில்லுக்கும் பக்கத்தில் பூட்ஸ் பெட்டியை வைத்தார். காலில் போடுவதைச் சாமி முன்னால் வைக்க முடியாது என்று பூசாரி பூஜையைத் தொடங்க மறுத்தார். பெரிய பேச்சுவார்த்தை நடந்து, கயிற்றை மட்டும் உருவி வெற்றிலையில் வைப்பது என்று முடிவானது. சந்தனம் குங்குமத்தோடு பூட்ஸ் கயிறு தீபாராதனை வாங்கிக்கொண்டது. கயிற்றைத் திரும்பக் கோத்தபோது ராஜசேகர் தோலைத் தடவிப் பார்த்து அசந்துபோனார். கடையில் இருந்ததைவிட மெத்தென்று இருந்தது. "பூஜையோட பவர் பாத்தியா?" என்று அஸ்வினிடம் காட்டினார். அஸ்வின், பெங்களூரு மாலில் தான் வாங்கியிருந்த கம்பெனி பூட்ஸுக்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டான்.

நமீபியாவில் மழை வருவதற்கு முந்தைய வறட்சி. இலை ஒவ்வொன்றும் அப்பளம். வில்லெம் முன்னால், அடுத்து ராஜசேகர், பின்னால் அஸ்வின். ராஜசேகர் சாவி, காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் முகாமிலேயே விட்டுவிட்டார். வாயையும் விட்டுவிட்டு வந்த மாதிரிதான். ஒவ்வொரு அடியும் வைக்கும்போது, முன்னால் ஃபரீதா முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் அஸ்வினின் இரண்டு குதிகாலும் தோலுரிந்துவிட்டன. அவனை ஜீப்புக்கு அனுப்பி, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. தன் குதிகால் எப்போது எரியப்போகிறது என்று ராஜசேகர் நடந்துகொண்டே காத்திருந்தார். எரியவில்லை. பூட்ஸ் அவர் காலை வெகுநாள் தெரிந்ததுபோல வைத்துக்கொண்டது.

ஒரு புதருக்கு அப்பால் அந்தக் குடு நின்றது. கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போனது. காது மட்டும் அசைந்தது. வில்லெம் துப்பாக்கியை ஏற்றி, வெகுநேரம் பார்த்து, இறக்கினார். வயது போதாத ஆண், விட்டுவிடுவோம் என்று சைகை செய்தார். மூவரும் அப்படியே நின்றார்கள், குடுவையும் சேர்த்து. அது தானாக மேய்ந்து மறைந்த பிறகு வில்லெம் திரும்பினார். ஒரு சாண் தூரத்தில் ராஜசேகரைக் கண்டு திடுக்கிட்டார். நீ எப்போதோ ஜீப்புக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன் என்றார். ராஜசேகர் தன் வாழ்நாளில் வாங்கிய பொன்னாடைகள் அத்தனையையும் அந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்துவிடுவார்.

மதியம் ஒரு முள்மர நிழலில் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே ஒட்டிய சாக்ஸ் நூலை எடுக்க பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை உருவியபோதுதான் கவனித்தார். குதிகால் விழுந்து விழுந்து குழிந்திருந்தது, ஒருநாள் நடையில் விழுகிற குழி இல்லை. முன்பக்கத்தில், இரண்டாம் விரல் படுகிற இடத்தில், மெல்லிய வளைவாக ஒரு கீறல். மற்றதையும் உருவினார். அதிலும் அதே இடத்தில் அதே கீறல். மெட்டி.

இரண்டு அட்டைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிளாஸ்திரியும் தோசையும் தன் உபதேசமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூஜையின் பவர் என்று எத்தனை பேரிடம் சொன்னோம் என்றும் யோசித்தார்.

சாயங்காலம் முகாமில் வைஃபை கிடைத்ததும் போன் போட்டார். வானிலை, சாப்பாடு, அஸ்வினின் குதிகால் எல்லாம் பேசி முடித்து, சொல்ல வந்ததற்கு வந்தார்.

"மாதேசு... பூட்ஸ போட்டு நடந்தியா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "கடைக்காரரு சொன்னது நீங்க கேக்கல. நான் கேட்டேன். ஃபிளெக்ஸ் வேற வெச்சுட்டாங்களே."

"சாக்ஸ் போட்டுக்கறதுதான?"

"எங்கிட்ட ஏதுங்க சாக்ஸு. அழுக்காயிருந்துச்சா? தொடச்சுத்தான வெச்சேன்."

நன்றி என்பதைச் சங்கத்துக் கூட்டங்களில் அவர் மூன்று மொழிகளில் சொல்லுவார். வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை. நாக்கில் அது புதுத் தோல்போல விறைத்துக்கொண்டு நின்றது. "உன் குதிகாலு ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சு. உங்களுது?"

"ஒண்ணுமே ஆகல," என்றார். உடனே, நெட்வொர்க் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய மறுநாள், அந்தப் பூட்ஸோடேயே ஜமீரின் கடைக்குப் போனார். சங்கத்துச் செயலாளர் உட்படக் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த ஃபரீதா, அவர் மேசையருகே வந்து நிற்கும்வரை நிமிரவே இல்லை.

"அய்ய, எப்ப வந்தீங்க சார்?"

வீட்டுக்காரம்மாவுக்கு நடப்பதற்கு இதே மாதிரி ஒரு ஜோடியும், நல்ல பருத்தி சாக்ஸும் வேண்டும் என்றார் ராஜசேகர். ஜமீர் பரணில் ஏறியபடி சைஸ் கேட்டார்.

"என் சைஸுதான்," என்றார் ராஜசேகர், கடை முழுக்கக் கேட்கும்படி. "ஆறு."