இணைப்பு உள்ளது, பக்கம் திறக்கவில்லை

1

இந்தக் கதை, சென்ற நவம்பர் மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, மயிலாப்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பிறந்தது. கற்பனையில் கண்டெடுத்தேன் என்று சொன்னால் வாசகர் நம்பிவிடுவார். ஆகையால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். ஓரிடத்தை மட்டும் மறைக்க முயல்வேன். அந்த முயற்சியில் தோற்பேன்.

நான் கையால் எழுதுபவள். கோடிட்ட தாள், ஒரு பக்கம் மட்டும், இடப்புறம் இரண்டு விரற்கடை இடைவெளி. பதினோரு ஆண்டுகளாக என் தாள்களைத் தட்டச்சு செய்து தருபவர் சகினா. மீர்சாகிப்பேட்டையிலிருந்து வாரத்தில் நான்கு நாள் வருகிறார். என் பழைய மடிக்கணினியில் அடிக்கிறார். இந்தத் தாளையும் அவரே அடிக்கிறார். நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றக் கூடாது என்பது எங்களுக்குள் விதி. ஐயம் எழுந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதலாம். படி திருத்தும்போது அவற்றை நான் நீக்கிவிடுவேன். இம்முறை நீக்கப்போவதில்லை.

[அப்படியாம்மா? அப்ப பார்த்துத்தான் எழுதணும். — ச.]

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"மழை விட்டிருந்த அந்தக் காலையில் நகரமே ஒரு" — வேண்டாம். நகரம் ஒன்றைப் போலவும் இருக்கவில்லை. கச்சேரி சாலையில் பேருந்துகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன.

"தொழில்நுட்பம் மனிதனை" — இதற்குமேல் எழுத என் பேனா மறுத்தது. அதற்கு என் நன்றி.

"சகினாவுக்கு வயது நாற்பத்தேழு, ஜனவரியில் நாற்பத்தெட்டு." இந்த வரி நிற்கும். கதையின் பாரம் முழுவதையும் இது தாங்கும்.

அடையாற்றில் உள்ள ஒரு பதிப்பகம் தமிழ்த் தட்டச்சாளர் ஒருவரைத் தேடியது. நிலையான வேலை, மாதச் சம்பளம். விண்ணப்பிப்பவர் வயது நாற்பத்தேழைத் தாண்டக் கூடாது. தேர்வு இணையத்தில் நடைபெறும். பதினொரு மணிக்குப் பக்கம் திறக்கும். பதினொன்று பத்துக்குள் நுழையாதவர் பிறகு நுழைய இயலாது. கைப்பேசியில் எழுத அனுமதியில்லை. சகினாவின் விரல்கள் பழைய தட்டச்சுப்பொறியின் விசைமுறையில் பழகியவை. அம்முறைப்படி எழுத்து ஒட்டிய விசைப்பலகை என் மடிக்கணினியில் இருக்கிறது. வைஃபையும் என் வீட்டில் இருக்கிறது. அதனால் தேர்வை என் மேசையிலேயே எழுதுவது என்று முடிவாயிற்று. பத்தொன்பது ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று அடித்துக்கொண்டிருப்பவருக்கு முதன்முறையாக ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெயர்ப்பலகை.

[பெயர்ப்பலகை எல்லாம் தரமாட்டாங்கம்மா. ஏசி இருக்குமாம். — ச.]

3

பத்து பன்னிரண்டுக்கு மடிக்கணினியைத் திறந்தோம். வைஃபைக் குறி கோடுகள் அனைத்தும் நிரம்பி நின்றது. 'இணைந்துள்ளது' என்றும் காட்டியது. பதிப்பகத்தின் பக்கத்தைக் கேட்டோம். அதற்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வந்தது: இந்த இணைப்புப் பாதுகாப்பானதன்று, திரும்பிச் செல்க. 'இணைப்பு' என்ற சொல்லைக் கண்டதும் இருவரும் ஒருசேரச் சுவரில் இருந்த வைஃபைப் பெட்டியை நோக்கித் திரும்பினோம். எங்கள் முதல் தவறு அது.

"இன்னாம்மா இது! வெள்ளிக்கிழமை நல்லாத்தானே திறந்துச்சு?"

"திறந்தது. பெட்டியை அணைச்சுப் போடு."

"போட்டாச்சு."

"எத்தனை எண்ணினே?"

"இன்னாத்த எண்றது?"

"அணைச்சபிறகு முப்பது எண்ணணும். பெட்டி மேலேயே எழுதி ஒட்டியிருக்கேனே."

"எனக்கு உயிர் போய்க்கினு கீது, முப்பது எண்ணச் சொல்றீங்க." ஆயினும் எண்ணினார். உருதுவில் எண்ணினார், அதில் சீக்கிரம் முடியுமாம்.

பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எச்சரிக்கை மீண்டும் வந்தது. வைஃபையை 'மறந்துவிடு' என்று மடிக்கணினிக்குக் கட்டளையிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்தோம். இணைந்தது, பக்கம் திறக்கவில்லை. மடிக்கணினியைப் பெட்டிக்கு அடியிலேயே கொண்டுபோய் ஒரு முக்காலியில் வைத்தோம். பக்கம் திறக்கவில்லை. பிழை கண்டறியும் வசதியை இயக்கினோம். பச்சைப் பட்டை ஒன்று மெதுவாக நகர்ந்து முடிந்து, 'பிழை எதுவும் காணப்படவில்லை' என்று அறிவித்தது.

"காணலியாம்! இத்தினி பேர் காத்துக்கினு கீறோம், அதுக்குக் காணலியாம்!"

ஓர் உண்மையை இங்கே பதிவு செய்ய வேண்டும். எழுபத்து நான்கு வயதில் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது அச்சத்தால் மட்டுமன்று. நாற்பதாண்டு பிழை திருத்தியே வாழ்ந்தவள் நான். கண்ணுக்கு முன்னால் ஒரு பிழை ஓடுகிறது, பிடிபடவில்லை! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன்.

சகினா தம் கணவருக்குத் தொலைபேசினார். ஹஸன், ரங்கநாதன் தெருவில் பொத்தானும் புடவை ஓரமும் ஜாக்கெட் துணியும் விற்கும் கடையில் இருப்பவர்.

"ஏங்க, வைஃபை வருது, நெட்டு வரல."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணியாச்சு."

"அப்ப இன்னொருக்கா பண்ணு. ரெண்டு மீட்டரா மேடம்? மேட்சிங் கீது, இருங்க. சகி, நீ லைன்ல இரு."

"லைன்ல இருந்தா பதினொன்னு ஆயிடும்! ஜாக்கெட் பிட்ட அப்புறம் கிழிங்க!"

"கத்தாத. வைஃபைய உடு. உன் போன்லேர்ந்து லேப்டாப்புக்கு நெட்டு குடுத்துப் பாரு."

அன்று காலை பேசப்பட்டவற்றுள் அறிவுடைய முதல் சொல் அதுவே. கொடுத்துப் பார்த்தோம். கைப்பேசியில் பக்கம் திறந்தது. அதே இணைப்பில் மடிக்கணினியில் அதே எச்சரிக்கை. மணி பத்து நாற்பத்தொன்று. ஆக, பெட்டி குற்றமற்றது, சுவர் குற்றமற்றது, மழையும் குற்றமற்றது. குற்றவாளி மேசைமேல், எங்கள் மூக்குக்கு நேரே அமர்ந்திருந்தது.

4

முதற்படியில் இவ்விடத்தில் மகேஷ் என்ற இளைஞனை வரவழைத்திருந்தேன். வேளச்சேரியில் கணினி வேலை, தாடி, நனைந்த மழைச்சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்து, ஒரே ஒரு விசையை அழுத்திவிட்டு, "அவ்ளோதான் பாட்டி" என்று சொல்லிப் போவான். இத்தகைய கதைகளில் எப்போதும் ஒருவன் இப்படி வந்துவிடுகிறான். நாற்பது நிமிடம் நாங்கள் இருவரும் பட்ட பாட்டை அவன் கையில் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேலும், என்னைப் பாட்டி என்று அழைத்தான். அவனை நீக்கிவிட்டேன்.

[பாவம்மா, வேளச்சேரிலேர்ந்து நனைஞ்சிக்கினு வந்தான். ஒரு காபி குடுத்து அனுப்பியிருக்கலாம். — ச.]

5

இனி, நான் மறைக்க முயன்ற இடம்.

இதுவரை செய்தவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தால் விடுபட்டது தெரியும் என்று ஒரு தாளை எடுத்தேன். தலைப்பில் நாள் இடாமல் நான் எதையும் எழுதுவதில்லை. பதற்றத்தில் நாள் நினைவுக்கு வராமல் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 2012, ஜனவரி 1.

அக்கணமே அனைத்தும் விளங்கின. ஒவ்வொரு இணையப் பக்கமும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருக்கும். 2012இல் இருப்பதாக நம்பும் கருவி, 2025இல் எழுதப்பட்ட சான்றிதழை எவ்வாறு ஏற்கும்? அது ஒழுங்காகவே நடந்துகொண்டது. நாள்தான் தவறு.

இனி வருவதை மூன்று முறை எழுதினேன்.

"கண்ட மாத்திரத்தில் நான் கூவினேன்: சகினா, தேதி!" — கோடிட்டு அடித்துவிட்டேன்.

"ஒரு நொடி திகைத்து நின்று, பின்" — இதுவும் பொய். நொடியன்று.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கண்டேன். பத்து ஐம்பத்து நான்குக்குச் சொன்னேன்.

இடையில் என்ன செய்தேன்? நின்றேன். சகினா மேசைக்கு அடியில் புகுந்து கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாவல் பாதி, தாள்களாக அலமாரியில் கிடக்கிறது; என் கையெழுத்தைத் தடங்கலின்றிப் படிப்பவர் இவ்வூரில் அவர் ஒருவரே. அவர் அடையாற்றுக்குப் போய்விட்டால் அத்தாள்கள் தாள்களாகவே கிடக்கும். இதை அன்று முதன்முறையாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தை அவர் என்னிடம் படித்துக் காட்டிய நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று உண்டு. மடிக்கணினியின் பேட்டரி உப்பிப்போனதால் அதை முன்பே கழற்றியாயிற்று. நேர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை சகினா, ரிச்சி தெருக் கணினிக் கடைக்காரரை வீட்டுக்கு அழைத்துவந்து அதைச் சரிபார்க்கச் செய்தார். தேர்வு முடியும்வரை மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னாராம், காரணம் சொல்லவில்லையாம். மின்சாரம் நின்றாலும் தேதியைக் காத்துவைக்கும் உள்பேட்டரி செத்துவிட்டது என்பதே காரணமாக இருக்க வேண்டும். சகினா மின்விசைக்கு அருகே சுவரில் ஒரு சீட்டு ஒட்டிவைத்தார்: 'திங்கள் வரை ஆஃப் பண்ணாதீங்க.' என் வீட்டில், முன்னால் ஆள் இல்லாத எக்கருவியும் இயங்கக் கூடாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்த மின்விசையை நான் அணைத்தேன். சுவர் வண்ணம் கெடும் என்று சீட்டையும் உரித்தேன். காலையில் மீண்டும் போட்டுவைத்தேன்.

சீட்டைப் படிக்கவில்லை என்று எழுதலாம். படித்தேன்.

[நான் அது தானா கழண்டு விழுந்துருச்சுன்னு நினைச்சேன். டீ குடிச்சிட்டு வந்து மீதிய அடிக்கிறேன். — ச.]

[வந்துட்டேன். அந்த ரெண்டு நிமிஷமும் மேசைக்கு அடியில வயரைப் புடிச்சிக்கினு அல்லாகிட்ட துஆ கேட்டுக்கினு இருந்தேன். அதையும் சேர்த்துக்கோங்க. — ச.]

சேர்த்தாயிற்று.

6

என் மனச்சான்று விழித்தது என்று எழுதினால் பக்கம் அழகாக இருக்கும். நடந்தது வேறு. மேசைக்கு அடியிலிருந்து சகினாவின் குரல் வந்தது.

"உடுங்கம்மா. நம்ம கைல இன்னா கீது? வந்ததுக்கு உங்க நாவலாச்சும் நாலு பக்கம் அடிக்கிறேன். பேப்பரை எடுங்க."

நான் விரும்பியதை, நான் கேளாமலே, அவர் எடுத்து நீட்டினார். கையை நீட்டி வாங்குவது ஒன்றே மிச்சம். அது என்னால் முடியவில்லை.

"வெளியே வா, சகினா! தேதி! தேதியைப் பார்!"

அவர் எழுந்த வேகத்தில் மேசை விளிம்பு தலையில் இடித்தது. தேய்த்துக்கொள்ளவும் நேரமில்லை.

"யா அல்லா! ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல குந்திக்கினு கீது இது! இன்னைக்கு இன்னா தேதிம்மா? எனக்கு ஒண்ணுமே வரல!"

"நவம்பர் பதினேழு!"

"வருஷம்?"

"இருபத்தஞ்சு! அழுத்து!"

ஆண்டை மாற்றும் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் ஓராண்டு நகரும். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்று இருவரும் உரக்கச் சொன்னோம். இருபத்தாறுக்குத் தாவிவிட்டார். "பின்னால வா, பின்னால வா!" என்று நான் கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டு ஜெயஸ்ரீ சன்னலைத் திறந்து, "யார் வண்டி எடுக்கறா?" என்று விசாரித்தார். ஆண்டு இருபத்தைந்தில் நின்றது; மாதமும் நாளும் மாறின.

பத்து ஐம்பத்தெட்டு. பக்கத்தைக் கேட்டோம். வெண்திரை. பதிப்பகத்தின் பெயர், அதன் கீழே சகினாவின் பெயர், அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தான்! சகினா என் கையைப் பிடித்து உலுக்கினார். நானும் அவர் கையை உலுக்கினேன். பதினோராண்டில் நாங்கள் கைகுலுக்கியது அதுவே முதல்முறை.

பதினொரு மணிக்கு அவர் விரல்கள் இறங்கின. முப்பது நிமிடம். தகரக் கூரையில் மழை விழுவதைப் போன்ற — இல்லை, உவமை வேண்டாம். விசைகளின் ஒலி. இடைவிடாத, ஒரே சீரான, தடுமாற்றமற்ற ஒலி. அதை இதுவரை நான் என் வாக்கியங்களின் ஒலி என்றே எண்ணியிருந்தேன்.

7

முடிவு மூன்று வாரத்தில் மின்னஞ்சலில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. ஆகையால் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. சகினாவுக்கு வேலை கிடைக்கிறது. காலை ஒன்பது மணிப் பேருந்தில் அடையாறு போகிறார். நான் மடிக்கணினி முன் அமர்கிறேன். 'க' எங்கே என்று தேடுகிறேன். கிடைக்கிறது. மெய்ப்புள்ளியைத் தேடுகிறேன். ஹஸன் ஒரு பெட்டி இனிப்பு அனுப்புகிறார். நன்றாக இருக்கிறது.

இம்முடிவில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மனமில்லாமல் எழுதியது தெரிகிறது. இரண்டாம் முடிவு செம்மையாக அமைந்துவிட்டது. சகினா தேறாமற்போய், மறுநாள் காலை படியேறி வருவது பற்றியது. அதை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

[தரல. ஒன்றரைப் பக்கம் கீது, நான் அடிக்கல. பதினோரு வருஷத்துல இதான் முதல் தடவை. நல்லா எழுதியிருந்தீங்கம்மா. அதனாலதான். — ச.]

8

அடித்த படி திருத்தத்துக்கு என்னிடம் வந்தது. விடுபட்ட இடத்தைக் கண்டேன். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். நெடுநேரம் திறந்தே வைத்திருந்தேன். பிறகு மூடினேன். இந்தப் பகுதியை அதன்பின் சேர்க்கிறேன்.

வாசகரே, ஒன்றரைப் பக்க இடம் உங்களுக்காகக் காலியாக உள்ளது. முடிவை நீங்கள் எழுதலாம். எழுதுமுன், எம்முடிவை நீங்கள் விரும்புகிறீர்கள் என்பதையும் ஏன் விரும்புகிறீர்கள் என்பதையும் தனித்தாளில் எழுதி, யாருக்கும் காட்டாமல் படித்துப் பாருங்கள். நான் அதைச் செய்தேன். அந்தத் தாள்

மாடிப்படியில் ஓசை கேட்கிறது. "அம்மா! மெயில் வந்துகீது! நான் திறக்கல! நீங்க வந்தாத்தான் திறப்பேன், சீக்கிரம் வாங்க!" இந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுவேன்; ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்கும் வழக்கம் எனக்கு என்றுமே

[இதுக்கு அப்புறம் எழுத்து இல்ல. பேனா கோடு ஒண்ணு தாளோட ஓரம் வரைக்கும் இழுத்துக்கினு போகுது. அதுக்கு கீபோர்டுல விசை இல்ல. — ச.]